சத்திரவைத்தியரும் சுற்றாடலும்

சத்திரசிகிச்சை ஒன்று இனிதே முடிவடைகின்றது. நோயாளி மெல்லக் கண் விழிக்கின்றார். வெளியே காத்திருக்கும் உறவினர்க்கு நற்செய்தி சொல்லப்படுகின்றது. வைத்தியர் தம் கையுறைகளைக் கழற்றிவிட்டு, அடுத்த நோயாளியைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்குகின்றார். அவ்வேளையில் கூடத்தின் ஒரு மூலையில் பெரிய பைகள் சில கட்டப்படுகின்றன. ஒருமுறை அணிந்த மேலங்கிகள், ஒருமுறை விரித்த போர்வைகள், பிளாஸ்ரிக் தட்டுகள், குழாய்கள், உறை பிரிக்கப்பட்டும் பயன்படாதுபோன கருவிகள் ஆகியன அப்பைகளுள் அடங்கும். அவை எங்கே செல்கின்றன? நோயாளியை உறங்கவைத்த வாயு எங்கே செல்கின்றது? இரவு முழுவதும் ஆளில்லாத கூடத்தின் காற்றை மாற்றிக்கொண்டிருக்கும் இயந்திரம் எவ்வளவு மின்சாரத்தை விழுங்குகின்றது? இவ்வினாக்களை அண்மைக்காலம் வரை சத்திரவைத்தியர்களிற் பெரும்பாலோர் எழுப்பியதில்லை. எழுப்பவேண்டுமென மக்கள் அவர்களிடம் எதிர்பார்த்ததுமில்லை.

அந்நிலை இன்று மாறி வருகின்றது. உலகில் மனிதரின் செயல்களால் வெளியேறும் பச்சைவீட்டு வாயுக்களில் 4.4 சதவீதம் வைத்தியத்துறையினால் உண்டாவதென 2019 ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு மதிப்பீடு கூறுகின்றது. வைத்தியசாலைக்குள்ளேயும் சத்திரசிகிச்சைக் கூடமே பெருஞ்செலவாளி. நோய் தீர்க்கும் தொழிலே நோய்க்குக் காரணமான வெப்பத்தையும் மாசையும் பெருக்குமாயின், அத்தொழிலைச் செய்வோரின் மனப்பான்மை யாதாயிருத்தல் வேண்டும் என்பதே இங்கு ஆராயத்தக்கது.

சத்திரவைத்தியரின் மனப்பான்மை மாறுவது எளிதன்று என்பதற்கு அத்தொழிலின் வரலாறே சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஐரோப்பிய வைத்தியர்கள் பழைய மேற்சட்டையொன்றை அணிந்தே கத்தியை எடுத்தனர். பல நோயாளிகளின் இரத்தமும் சீழும் படிந்து அச்சட்டை விறைத்துப்போயிருந்தது அனுபவத்தின் அடையாளமாகக் கருதப்பட்டது. சிகிச்சை வெற்றி பெற்றாலும் நோயாளி புண் அழுகி இறந்தார். 1865 ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரிலே, வண்டிச் சக்கரம் ஏறி எலும்பு முறிந்து வெளித்தெரிந்த காலோடு வந்த 11 வயதுச் சிறுவனின் புண்ணிற்கு, ஜோசப் லிஸ்டர் என்பார் காபோலிக் அமிலம் தோய்த்த துணியைக் கட்டினார். புண் அழுகவில்லை, கால் காப்பாற்றப்பட்டது. 1867 ஆம் ஆண்டில் அவர் தமது முறையை எழுதி வெளியிட்டார். ஆயினும், கண்ணுக்குத் தெரியாத உயிர்களை எண்ணித் தம் பழக்கத்தை மாற்றுவதா எனப் பலர் நகைத்தனர். அவருடைய கொள்கை தன் சொந்த நாட்டில் நிலைபெறப் பல ஆண்டுகள் சென்றன.

லிஸ்டரின் பெருமை அம்மட்டோடு முடிவதன்று. காற்றிலுள்ள கிருமிகளைக் கொல்லவேண்டிக் கூடமெங்கும் காபோலிக் நீரைத் தூவும் கருவியொன்றை அவர் புகுத்தியிருந்தார். அது வேண்டாததென்பது நாளடைவிற் புலப்பட்டபோது, அதனைக் கைவிட்டார். 1890 ஆம் ஆண்டில் பெர்லின் நகரிற் கூடிய சர்வதேச வைத்திய மாநாட்டிலே, அதனைத் தாம் பரிந்துரைத்தமைக்காக நாணுவதாகவும் வெளிப்படையாகச் சொன்னார். சான்று வந்தபோது புதியதை ஏற்றதும், சான்று வந்தபோது தம்முடையதையே துறந்ததும் ஒரே மனிதர். அந்த மனப்பான்மையே இன்றும் வேண்டப்படுகின்றது.

லிஸ்டருக்குப் பின் கொதிநீராவி வந்தது. 1890 ஐ ஒட்டி அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையிலே வில்லியம் ஹால்ஸ்ரெட் இறப்பர்க் கையுறையைப் புகுத்தினார். அந்நாட்களிற் கையுறை, மேலங்கி, போர்வை, ஊசி யாவும் கழுவி, அவித்து, மீண்டும் மீண்டும் பயன்படுத்தப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மலிவான பிளாஸ்ரிக் பெருகியபோதுதான், ஒருமுறை பயன்படுத்தி எறிதல் என்னும் வழக்கம் கூடத்திற்குட் புகுந்தது. அவிக்கும் வேலை குறைந்தது. கிருமி பற்றிய அச்சம் தணிந்தது. ஊசி போன்றவற்றில் அவ்வழக்கம் பெருநன்மை விளைத்ததென்பதை மறுத்தற்கில்லை. ஆயினும் ஊசிக்குப் பொருந்திய நியாயம், மேலங்கிக்கும் கத்தரிக்கோலுக்கும் போர்வைக்கும் ஆராயாமலே நீட்டப்பட்டது. அகற்றப்படுவது யாவும் தூய்மை, மீண்டும் வருவது யாவும் ஐயத்திற்குரியது என்னும் எண்ணம் ஒரு தலைமுறை வைத்தியரின் இரண்டாம் இயல்பாயிற்று.

இதனால் விளையும் கேட்டை அளந்தறிய 2017 ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளிவந்தது. கனடாவின் வான்கூவர், அமெரிக்காவின் மினசோட்டா, இங்கிலாந்தின் ஒக்ஸ்போட் ஆகிய மூவிடங்களிலுள்ள பெரிய வைத்தியசாலைகளின் சத்திரசிகிச்சைக் கூடங்களை அன்ட்ரியா மக்னீல் என்னும் சத்திரவைத்தியரும் அவர்தம் துணைவரும் ஆராய்ந்தனர். வைத்தியசாலையின் ஏனைய பகுதிகளோடு ஒப்பிடுங்கால், ஒரே அளவு பரப்பிற்குச் சத்திரசிகிச்சைக் கூடம் மூன்று முதல் ஆறு மடங்கு ஆற்றலைச் செலவிடுகின்றதெனவும், அவ்வாற்றலில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கிற்கு மேல் காற்றை மாற்றுதற்கும் வெப்பநிலையைப் பேணுதற்குமே செல்கின்றதெனவும் அவர்கள் கண்டனர்.

அதனினும் வியப்பானது மயக்க வாயுவின் செய்தி. நோயாளி உள்வாங்கும் மயக்க வாயுவில் மிகச் சிறு பங்கே உடலில் மாற்றமடைகின்றது. எஞ்சியதெல்லாம் மூச்சோடு வெளிவந்து, குழாய்வழியாகக் கூரைக்கு மேலே விடப்படுகின்றது. டெஸ்ஃபுளூரேன் என்னும் வாயு, நிறைக்கு நிறை, காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 2500 மடங்கு வெப்பமூட்டும் வல்லமை உடையது. 240 மில்லிலீற்றர் கொண்ட அதன் சிறு போத்தலில் உள்ளது ஏறக்குறைய 350 கிராம். ஆயினும் அது வானிற் கலக்கும்போது 850 கிலோகிராமுக்கும் மேற்பட்ட காபனீரொட்சைட்டுக்கு ஈடாகின்றது. அதே பணியைச் செய்யும் செவோஃபுளூரேன் என்னும் வாயுவின் வல்லமையோ இருநூறு மடங்கிற்கு உட்பட்டதே. மேற்சொன்ன மூன்று வைத்தியசாலைகளுள் டெஸ்ஃபுளூரேனைப் பெரிதும் தவிர்த்த ஒக்ஸ்போட்டில், மயக்க வாயுக்களால் விளைந்த கேடு ஏனைய இரண்டிலும் பார்க்கப் பத்திலொரு பங்காயிருந்தது. அங்கு நோயாளிகள் உறங்காமலில்லை.

இவற்றையெல்லாம் அறிந்த சத்திரவைத்தியர் யாது நினைக்கின்றனர்? கண்புரை அகற்றும் வைத்தியரும் தாதியருமாக வட அமெரிக்காவில் 1300 பேரளவில் விடையளித்த ஒரு கருத்தாய்வு 2020 ஆம் ஆண்டில் வெளிவந்தது. கூடத்தில் உண்டாகும் கழிவு மிகையானது, குறைக்கப்படவேண்டியது என்று அவர்களுள் 93 சதவீதத்தினர் கூறினர். ஆகவே, சத்திரவைத்தியர் கவலையற்றவர் என்பது பொருந்தாப் பழி. கவலை உண்டு, செயல் பின்தங்குகின்றது. மனத்திற்கும் கைக்கும் இடையே நிற்பன மூன்று தடைகள்.

முதலாவது தடை, நோயாளிக்குத் தீங்கு நேருமோ என்னும் அச்சம். இது மதிக்கத்தக்க அச்சம். மேசையிற் கிடக்கும் மனிதர் தம் உயிரை ஒரு வைத்தியரின் கையில் ஒப்படைத்திருக்கின்றார். என்றோ, எங்கோ, எவரோ அடையப்போகும் நன்மைக்காக அவரை இடருக்குள்ளாக்கும் உரிமை எவருக்கும் இல்லை. ஆனால், எறியும் பொருளே எப்போதும் பாதுகாப்பானது என்னும் முற்கோளைச் சோதித்தல் வேண்டும். இங்கிலாந்தில் நிகழ்ந்த ஒன்று இதற்குப் பாடம். பசுக்களின் மூளைநோயோடு தொடர்புடைய மனித நோய் தொண்டைச் சதையை அகற்றும் கருவிகள் மூலம் பரவலாமென அஞ்சி, அச்சிகிச்சைக்கு ஒருமுறைக் கருவிகளையே பயன்படுத்தவேண்டுமென 2001 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அரசு பணித்தது. அஞ்சிய தொற்று வெறும் கருத்தளவில் நின்றது. இரத்தப்பெருக்கோ உண்மையாகவே கூடியது. புதிய கருவிகளின் தரக்குறைவு காரணமெனப் பேசப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் மாதத்தில் பழைய உருக்குக் கருவிகள் திரும்ப அழைக்கப்பட்டன. நல்லெண்ணத்தோடு எடுத்த முடிவும் நோயாளிக்கு ஊறாகலாம் என்பதை அச்செய்தி உணர்த்துகின்றது.

மேலங்கி, போர்வை ஆகியவற்றைப் பொறுத்தவரையிலும் சான்று தெளிவானதே. முறைப்படி கிருமியழிக்கப்பட்டிருக்குமாயின், எறியும் வகையும் மீண்டும் பயன்படும் துணி வகையும் இரண்டுமே ஏற்றவை என உலக சுகாதார நிறுவனம் 2016 ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டல் கூறுகின்றது. கைகழுவும் முறையிலும் இத்தகைய சான்று உண்டு. நீரும் தூரிகையும் கொண்டு நெடுநேரம் தேய்த்தலுக்கும், மதுசாரக் கரைசலைக் கையிற் பூசுதலுக்கும் இடையே, பின்னர் உண்டாகும் தொற்றில் வேறுபாடில்லையென்று பிரான்ஸ் நாட்டில் நிகழ்ந்து 2002 ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு சோதனை காட்டிற்று. குழாயில் ஓடும் நீர் எத்துணை மிஞ்சுமென்பதை எண்ணிப் பார்க்கலாம்.

பாதுகாப்பும் சிக்கனமும் ஒன்றையொன்று பகைப்பனவல்ல என்பதற்கு மிகச்சிறந்த எடுத்துக்காட்டு மதுரையிலே தோன்றியது. டொக்டர் கோ. வெங்கடசுவாமி இளமையிலேயே மூட்டுவாதத்தாற் கைவிரல்கள் கோணிப்போனவர். அவ்விரல்களைக் கொண்டே கண் சத்திரசிகிச்சை பயின்று, அரசாங்க சேவையிற் பல்லாண்டு பணியாற்றி, ஓய்வு பெற்றபின் 1976 ஆம் ஆண்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் வைத்தியசாலையைத் தொடங்கினார். பார்வையிழந்த ஏழை மக்கள் எண்ணிறந்தோர். கையிலிருந்த பணமோ சிறிது. எனவே, ஒரு பொருளையும் வீணாக்காத ஒழுங்கொன்று அங்கு உருவாயிற்று. ஒரு கூடத்தில் இரு மேசைகள் இடப்படுகின்றன. ஒரு மேசையிற் சிகிச்சை நடைபெறும்போதே மறு மேசையில் அடுத்த நோயாளி ஆயத்தமாகின்றார். மேலங்கியும் போர்வையும் துவைத்து அவிக்கப்படுகின்றன. கருவிகள் ஒவ்வொரு சிகிச்சைக்குப் பின்னும் விரைவாகக் கிருமியழிக்கப்பட்டு மீள்கின்றன. சொட்டு மருந்துப் போத்தல், ஒரு துளியிட்டபின் எறியப்படாமல், பலருக்குப் பயன்படுகின்றது.

இவ்வொழுங்கின் விளைவு 2017 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்றால் அளவிடப்பட்டது. அரவிந்த் முறையிற் செய்யப்படும் ஒரு கண்புரைச் சிகிச்சையால் வெளியாவது ஏறத்தாழ 6 கிலோகிராம் காபனீரொட்சைட்டுக்குச் சமமானது. பிரித்தானியாவின் வேல்ஸ் நாட்டில் இதே சிகிச்சைக்கு 2013 ஆம் ஆண்டு ஆய்வு கண்ட அளவோ 180 கிலோகிராமுக்குச் சற்று மேல். கணக்கிடும் முறைகளில் வேறுபாடு இருப்பினும், இடைவெளி மிகப் பெரிது. அங்ஙனமாயின், மதுரை முறையிற் கண்கள் கெட்டுப்போகின்றனவோ என்று நேயர்கள் வினவக்கூடும். சிகிச்சைக்குப் பின் கண்ணுள் உண்டாகும் தொற்று, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பதிவாகும் அளவை அங்கு விஞ்சவில்லை. கண்ணுக்குள்ளே செலுத்தப்படும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் அதற்குத் துணைசெய்கின்றது.

இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. அவ்வொழுங்கு வானத்தை எண்ணி வகுக்கப்பட்டதன்று. வாயிலில் நின்ற ஏழையை எண்ணி வகுக்கப்பட்டது. ஒருவருக்கு வீணாவது மற்றொருவரின் பார்வை என்ற உணர்வே அச்சிக்கனத்தின் ஊற்று. சுற்றாடலைக் காத்தல் சத்திரவைத்தியருக்குப் புறத்தேயிருந்து சுமத்தப்படும் புதிய சுமையன்று. அவருடைய தொழிலின் பழைய அறத்திலேயே அது அடங்கியிருக்கின்றது.

அதனால் எல்லாப் பொருளையும் எல்லாவிடத்தும் மீண்டும் பயன்படுத்தலாமென முடிவு கட்டலாகாது. நுண்ணிய குழல்களையுடைய சில கருவிகளை முற்றாகத் தூய்மையாக்குதல் அரிது. கண் சிகிச்சைக்குப் பொருந்துவது வயிற்றுச் சிகிச்சைக்குப் பொருந்தாதிருக்கலாம். கிருமியழிக்கும் ஒழுங்கு தளர்ந்த இடத்திற் சிக்கனம் கொடுமையாகிவிடும். ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே எடுத்து, சான்றின் முன் நிறுத்தி, இது எறியப்படவேண்டுமா எனக் கேட்பதே வேண்டப்படுவது.

இரண்டாவது தடை, விளைவு கண்ணிற் படாமை. தாம் திறக்கச் சொல்லும் பொதியின் விலையையோ, அது எறியப்பட்டபின் சேருமிடத்தையோ சத்திரவைத்தியர் அறிவதில்லை. வேண்டியிருந்தாலும் இருக்கலாம் எனத் திறக்கப்படும் பொதி, பயன்படாமலே பைக்குட் செல்கின்றது. சான் பிரான்சிஸ்கோ நகரிலுள்ள பல்கலைக்கழக வைத்தியசாலையொன்றில், 58 மூளை, நரம்புச் சத்திரசிகிச்சைகளில் இவ்வாறு வீணானவற்றைக் கணக்கிட்டனர். ஒரு சிகிச்சைக்குச் சராசரி 653 டொலர் பெறுமதியான பொருள்கள் பயன்படாமற் போயிருந்தன. அது மொத்தப் பொருட்செலவில் 13 சதவீதம். அதே நிறுவனத்தில் 2015 ஆம் ஆண்டில், வைத்தியர் ஒவ்வொருவருக்கும் அவரவர் பொருட்செலவு மாதந்தோறும் எழுதியனுப்பப்பட்டது. செலவைக் குறைக்கும் பிரிவுக்குச் சிறியதொரு வெகுமதியும் அறிவிக்கப்பட்டது. அவ்வாறு கணக்குக் காட்டப்பட்ட பிரிவுகளிற் செலவு 6.5 சதவீதம் குறைந்தது. காட்டப்படாத பிரிவுகளில் 7.4 சதவீதம் கூடியது. நோயாளிகளின் நலத்திற்குக் குறைவெதுவும் நேர்ந்ததாகத் தெரியவில்லை. பணத்தைக் காட்டினாலே கை அடங்குமாயின், புகையையும் குப்பையையும் காட்டினாலும் அடங்கும் என நம்ப இடமுண்டு.

மூன்றாவது தடை, தனிமை. வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திலே, நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து உதவுவோன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். சத்திரவைத்தியர் அந்நான்கில் ஒருவரே. வாயுவைத் தெரிவு செய்பவர் மயக்கமருந்து வைத்தியர். பொதியைத் திறப்பவர் தாதி. பொருள்களை வாங்குபவர் களஞ்சியப் பொறுப்பாளர். விளக்கையும் காற்றுப்பொறியையும் நிறுத்துபவர் வேறொருவர். ஒருமுறை மட்டும் பயன்படுத்துக என்று உறைமேற் பொறிப்பவர் உற்பத்தியாளர். அப்பொறிப்பை மீறினால் வழக்கு வருமெனச் சட்டம் அச்சுறுத்துகின்றது. நல்லெண்ணமுடைய சத்திரவைத்தியரும் இவ்வலையுள் நின்று சோர்ந்துபோகின்றார்.

ஆயினும் கூடிச் செய்யும்போது தடை தளர்கின்றது. ஸ்கொட்லாந்தின் அரசாங்க சுகாதார சேவை 2023 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் டெஸ்ஃபுளூரேன் வாயுவை நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம், வைத்தியக் காரணத்தால் இன்றியமையாத வேளையிலன்றி அவ்வாயுவைப் பயன்படுத்தலாகாதென 2026 ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதியிலிருந்து விதித்துள்ளது. பிரித்தானியாவின் சத்திரவைத்தியர் கல்லூரிகள் 2022 ஆம் ஆண்டில் ஒன்றுகூடி, பசுமையான சத்திரசிகிச்சைக் கூடத்திற்கான பட்டியலொன்றை வெளியிட்டன. அதே ஆண்டில், இங்கிலாந்தின் சொலிஹல் வைத்தியசாலையிலே குடற் புற்றுநோய்ச் சிகிச்சையொன்று இந்நோக்கோடு நடத்தப்பட்டது. துணி மேலங்கியும் துணிப் போர்வையும் கையாளப்பட்டன; வாயுவுக்குப் பதிலாக நாளத்தினூடே மயக்கமருந்து செலுத்தப்பட்டது; வேண்டாத விளக்குகள் அணைக்கப்பட்டன. எஞ்சிய தீங்கிற்கு ஈடாக மரங்கள் நாட்டப்பட்டன. மரம் நாட்டினால் எல்லாம் நேராகிவிடும் என்பதன்று. சிறியனவாகத் தோன்றும் செயல்கள் ஒன்றுசேர்ந்தால், ஒரு கடினமான சிகிச்சையையும் வேறு வகையிற் செய்யலாம் என்பதே அங்கு மெய்ப்பிக்கப்பட்டது.

எல்லாவற்றினும் மேலான சிக்கனம் ஒன்றுண்டு. வேண்டாத சிகிச்சையைச் செய்யாதுவிடுதலே அது. முதற் சிகிச்சையைச் செவ்வனே முடித்து இரண்டாவதைத் தவிர்க்கும் வைத்தியரும், கத்தியின்றித் தீரும் நோயைக் கத்தியின்றித் தீர்க்கும் வைத்தியரும், தாம் அறிந்தோ அறியாமலோ, சுற்றாடலுக்கும் நன்மை செய்கின்றனர்.

லிஸ்டரின் காலத்தவர் கண்ணுக்குத் தெரியாத கிருமியை நம்ப மறுத்தனர். அம்மறுப்புக்கு விலையாக நோயாளிகள் உயிரை ஈந்தனர். இக்காலத்தவர் முன் நிற்பது கண்ணுக்குத் தெரியாத வாயு. கிருமி, மேசையிற் கிடந்த நோயாளியைத் தாக்கியது. வாயு தாக்குவதோ கூடத்திற்குள் ஒருநாளும் வாராதவரை. வெப்பத்தில் உழைப்பவரையும், வெள்ளத்தில் வீடிழப்பவரையும், இனிப் பிறக்கவிருக்கும் குழந்தையையும். அவர்களும் ஒருவகையிற் சத்திரவைத்தியரின் பொறுப்பில் உள்ளவர்களே. மேசைமேற் கிடப்பவரை மறவாமல், வெளியே இருப்பவரையும் நினைக்கப் பழகுதல் அரிய செயல். ஆயினும் கைகழுவுதலும் ஒருகாலத்தில் அரிய செயலாகவே கருதப்பட்டது. இன்று அதனைச் செய்யாத சத்திரவைத்தியரைக் காண்டல் இயலாது.